கரிமீனுக்கு நோன்பு இல்லை

ராஞ்சி,
14-1-1992

அன்புள்ள கிளாராச் சேச்சிக்கு,

இயேசுவுக்குப் புகழ். இங்கே எல்லோரும் நலம். குளிர்தான் எலும்புவரை இறங்குகிறது. உங்கள் முழங்கால் எப்படி இருக்கிறது? எண்ணெய் தேய்க்கிறீர்களா, இல்லை, பாட்டிலை அலமாரியில் வைத்து அழகு பார்க்கிறீர்களா?

என் மகள் லிஸ்ஸிக்குக் கல்யாணம் நிச்சயமாகிவிட்டது! பையன் பெயர் அனிமேஷ் பிஸ்வாஸ். அவள் கல்லூரியிலேயே பாடம் நடத்துகிறான். வங்காளி. முகத்தைச் சுளிக்க வேண்டாம், கிருஷ்ணநகர்க் கத்தோலிக்கர்கள்தான். ஈஸ்டர் முடிந்து எட்டாம் நாள், ஏப்ரல் 27, நம் ஊர்க் கோவிலில் திருமணம். முந்தின இரவு விருந்து நம் வீட்டில், அதாவது உங்கள் வீட்டில்.

பையனின் அம்மா சுலேகா, தலைமையாசிரியை. வந்து உட்கார்ந்ததும் கேட்ட முதல் கேள்வி, "உங்க ஊர்ல என்ன மீன்?" நான் வாயைத் திறப்பதற்குள் அவரே சொன்னார்: "கேரளான்னா கடல் மீன்தானே? ஆத்து மீன், குளத்து மீனோட ருசி உங்களுக்கு எங்க தெரியப்போகுது, பாவம்."

அந்த 'பாவம்' எனக்குச் சுருக்கென்று தைத்தது. "எங்க சேச்சி குளத்துக் கரிமீனை ஒரு தடவ தின்னுட்டு அப்புறம் பேசுங்க" என்று சொல்லிவிட்டேன். பையன் சிரித்தான். "ஆன்ட்டி, மீன் விஷயத்துல எங்கம்மாவை ஜெயிச்சவங்க இன்னும் பொறக்கல."

சேச்சி, என் மானம் உங்கள் குளத்தில் நீந்துகிறது.

பிரியமுள்ள தங்கை,
பிலோமினா


வடக்கேகரி, குட்டநாடு,
28-1-1992

அன்புள்ள பிலோமினாவுக்கு,

ஆண்டவர் உங்கள் வீட்டை ஆசீர்வதிக்கட்டும். முழங்காலுக்கு எண்ணெய் தேய்க்கிறேன். பாட்டில் பாதி காலி. உன் கடிதத்தில் இரண்டு வாக்கியங்கள் வினைச்சொல் இல்லாமல் தொங்குகின்றன. நம் கான்வென்ட் மதர் ஆஞ்செலா இருந்திருந்தால் உன்னை மறுபடி எழுதச் சொல்லியிருப்பார்.

வங்காளி என்றால் நான் ஏன் முகம் சுளிக்க வேண்டும்? தலைமையாசிரியை வீட்டுப் பிள்ளை, வேலையும் இருக்கிறது. லிஸ்ஸிக்கு என் முத்தம்.

மீன் கவலை உனக்கு வேண்டாம். குளம் நிறைந்திருக்கிறது. கால்வாய்ப் பக்கத்து மதகைக் காலையில் திறந்து சாயங்காலம் அடைக்கிறேன். கால்வாயில் ஏறும் நீரோடு மீன் தானாகவே உள்ளே வருகிறது. கரிமீன்கள் ஜோடி ஜோடியாக இடம் பிடித்துவிட்டன. கல்லில் முட்டை ஒட்டிவைத்துவிட்டு, இரண்டும் மாறி மாறித் துடுப்பால் விசிறுகின்றன. ஒன்று இரை தேடப் போனால் மற்றது நகராது. ஊரில் எத்தனை தம்பதிகள் இப்படி இருக்கிறார்கள் என்று நேற்று நம் கோவில் விகாரியச்சனிடம் கேட்டேன். அவர் பேச்சை மாற்றிவிட்டார்.

நம் இருவரின் வயலிலும் கதிர் நன்றாக வருகிறது. அக்கரை குரியாளச்சன்தான் இந்த வருஷமும் வயல் கமிட்டிச் செயலாளர். என் கணவரின் அடக்கத்தன்று, பெட்டி குழிக்குள் இறங்கும் நேரத்தில், நெல்விலை பேசிய அதே ஆள். அன்று முதல் அவரோடு எனக்குப் பேச்சு இல்லை. தவிர்க்க முடியாத விஷயம் என்றால் சீட்டு எழுதி அனுப்புகிறேன்.

அந்த அம்மாளிடம் சொல், பசியோடு வரச் சொல்.

உன் சேச்சி,
கிளாரா


வடக்கேகரி,
12-3-1992

வயல் கமிட்டிச் செயலாளர் குரியாளச்சன் அவர்களுக்கு,

வணக்கம். தாங்கள் நலமா என்று கேட்பது வழக்கம் என்பதால் கேட்கிறேன். இரவில் தாங்கள் இருமுவது கால்வாயைத் தாண்டி இங்கே கேட்கிறது. கவனிக்கவும்.

சென்ற வாரம் புகையான் பூச்சி வரும் என்று சொல்லிக் கமிட்டி எல்லா வயலிலும் பூச்சிமருந்து அடித்தது. திங்கட்கிழமை அந்த வயல்நீரை இறைத்துக் கால்வாயில் விட்டீர்கள். எனக்கு ஒரு வார்த்தை சொல்லியனுப்பவில்லை. என் மதகு திறந்திருந்தது.

செவ்வாய்க்கிழமை காலை என் குளத்து மீன் முழுவதும் மேலே வந்து வாயைப் பிளந்தது. பிறகு சுற்றத் தொடங்கியது. தலை ஒரு பக்கம், வால் ஒரு பக்கம், குடித்தவன் வீட்டு வழி தேடுவது போல. மத்தியானத்துக்குள் மல்லாந்தது. செவுளைத் தூக்கிப் பார்த்தேன். சிவப்பாக இருக்க வேண்டிய இடம் வெளுத்து, கோழை படிந்திருக்கிறது. முட்டைகளும் வெள்ளையாகிவிட்டன. வடமூலையில், ஊற்றுநீர் கசிகிற இடத்தில் ஒரே ஒரு ஜோடி பிழைத்திருக்கிறது.

இறந்தவற்றில் ஒன்றை இத்துடன் பாத்திரத்தில் அனுப்பியிருக்கிறேன். பாத்திரம் திரும்ப வர வேண்டும்.

இப்படிக்கு,
கிளாரா மத்தாயி


அக்கரை,
13-3-1992

மதிப்பிற்குரிய அம்மையார் அவர்களுக்கு,

நலம். இருமல் மட்டும் இருக்கிறது. தங்கள் நலமும் அறிய ஆவல்.

தங்கள் மீன் வந்து சேர்ந்தது. துக்கம்தான். ஆனால் கமிட்டி யோசிக்காமல் எதுவும் செய்யவில்லை. ஐம்பது நாள் நோன்பு தொடங்கும்வரை காத்திருந்துதான் மருந்து அடித்தோம். ஈஸ்டர்வரை இந்தக் கரையில் எந்த வீட்டிலும் மீன் சட்டி அடுப்பில் ஏறாது. யாருக்கும் கெடுதல் இல்லை. ஈஸ்டருக்குள் தண்ணீர் தெளிந்துவிடும். பத்து வருஷமாக இதுதான் முறை. தங்கள் கணவர் மத்தாயிச்சன் இருந்தபோதும் இதுதான் முறை.

புகையான் விழுந்தால் பயிர் ஒரே வாரத்தில் தீய்ந்து போகும். மீன் மறுபடி வரும், நெல் வராது. நோன்பின் நான்காம் வாரம் இரண்டாவது மருந்து. அன்றைக்கு மதகை அடைத்து வைக்கவும். இதை முன்கூட்டியே அறிவித்ததாகக் கொள்ளவும்.

மீனை எங்கள் பூனைக்குப் போட்டேன். அது முகர்ந்து பார்த்தது. பிறகு என்னைப் பார்த்தது. பிறகு போய்விட்டது.

பாத்திரம் கழுவி அனுப்பப்படுகிறது.

குரியாளச்சன்


வடக்கேகரி,
15-3-1992

அன்புள்ள பிலோமினாவுக்கு,

நோன்புக்கால அமைதி உங்களோடு இருக்கட்டும். நான் நலம். நீயும் உன் வீட்டுக்காரரும் லிஸ்ஸியும் நலம்தானே? அவளுக்குக் கல்யாணச் சட்டை தைக்க அளவு அனுப்பச் சொன்னேன். நீ கைக்கு அளவு அனுப்பியிருக்கிறாய், தோளுக்கு அனுப்பவில்லை. தோள் இல்லாமல் கை எங்கே நிற்கும்?

வாசல் சுவருக்குச் சுண்ணாம்பு அடித்தாயிற்று. பாட்டுக்குழு சரியில்லை, உச்சஸ்தாயி பாடுகிற பெண்ணுக்கு ஜலதோஷம். விருந்துக்கு வாத்து சொல்லி வைத்திருக்கிறேன். வாத்தும் நல்ல பண்டம்தான், வங்காளத்தில் அவ்வளவு நன்றாகச் சமைப்பார்கள் என்று நான் நினைக்கவில்லை.

குளத்தைச் சுத்தம் செய்துகொண்டிருக்கிறேன்.

வேறு விசேஷம் இல்லை.

உன் சேச்சி,
கிளாரா


அக்கரை,
31-3-1992

அன்பு சகோதரி பிலோமினாவுக்கு,

உங்கள் குடும்பத்தின் சுகத்துக்காக ஜெபிக்கிறேன். முன்பின் பழக்கமில்லாமல் எழுதுவதற்கு மன்னிக்கவும். வயலில் பாதி உங்கள் பங்கு என்பதால் இதைத் தெரிவிப்பது கமிட்டியின் கடமை.

நேற்று இரண்டாவது மருந்து அடிக்க ஆட்கள் தெளிப்பானோடு வந்தார்கள். உங்கள் சேச்சி உங்கள் வயல் வரப்பின் நடுவில் நாற்காலி போட்டு, குடை விரித்து உட்கார்ந்திருந்தார். மடியில் ஏதோ தையல்.

மருந்துக்காரன் சசி, "சேச்சி, கொஞ்சம் எந்திரிங்க, மருந்து மேல படும்" என்றிருக்கிறான்.

"படட்டும். நோன்புல மீன்தான் கூடாது. மருந்து கூடாதுன்னு அச்சன் சொல்லல."

நான் படகில் போனேன். எங்களுக்குள் நேர்ப்பேச்சு இல்லை என்பது தங்களுக்குத் தெரிந்திருக்கும். "சசி, புகையான் வந்தா காயல் வயல் முழுக்கப் போயிடும்னு அவங்ககிட்ட சொல்லு" என்றேன்.

"சசி, வயல்ல இறங்கி ஒரு நெல் தூரைப் பிரிச்சுப் பாக்கச் சொல்லு அவரை. போன மாசம் எத்தனை சிலந்தி இருந்துச்சு, மருந்து அடிச்சப்புறம் எத்தனை இருக்கு? புகையானைத் தின்னுற ஜீவனை முதல்ல கொன்னுட்டு, புகையான் வருதுன்னு அழுதா யாரு கேப்பா?"

"சசி, அவங்க கான்வென்ட்ல படிச்சாங்க, வயல்ல படிக்கலன்னு சொல்லு."

"சசி, கான்வென்ட்ல மூச்சு முட்டுறது யாருக்குன்னு பாத்து ஜன்னலைத் திறக்கச் சொல்லிக் குடுத்தாங்கன்னு சொல்லு. நோன்பு நமக்கு. கரிமீனுக்கு இல்ல. நாம திங்காத ஐம்பது நாளும் அதுக்கு மூச்சு வேணும். அது முட்டை வெக்கிறதே இந்த நாள்லதான்."

சசி தெளிப்பானை இறக்கிவைத்துவிட்டு, "ரெண்டு பேரும் ஒருத்தரையொருத்தர் பாத்துப் பேசுங்க, எனக்குக் கழுத்து வலிக்குது" என்று சொல்லிக் கள்ளுக்கடைக்குப் போய்விட்டான்.

உங்கள் வயல்களுக்கு மருந்து அடிக்கவில்லை. குளத்து மீன் மொத்தமும் செத்த கோபத்தில் அம்மையார் இப்படிச் செய்கிறார். கல்யாணத்துக்கு முன் உங்கள் பங்கு விளைச்சல் போனால் நான் பொறுப்பல்ல. தாங்கள் ஒரு வார்த்தை எழுதினால் கேட்பார் என்று நம்புகிறேன்.

என் மனைவி மறைந்த பின் என்னோடு இவ்வளவு நேரம் வாதாடியவர் யாரும் இல்லை என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

குரியாளச்சன்


ராஞ்சி,
9-4-1992

சேச்சிக்கு,

நலம். நலமறிய ஆவல் என்று எழுதக் கை வரவில்லை, ஆனாலும் எழுதுகிறேன். முழங்காலோடு வரப்பில் உட்கார்ந்தீர்களாமே?

இதற்கு முன் இரண்டு கடிதம் எழுதிக் கிழித்தேன். முதலாவதில் வயலைப் பற்றிக் கோபப்பட்டேன். லிஸ்ஸியின் அப்பா, "உங்க அக்கா மீனுக்காக நம்ம நெல்லைப் பணயம் வெச்சுட்டாங்களா?" என்று வீட்டுக்குள் நடை போட்டார். இரண்டாவதில் வேறு விஷயத்துக்குக் கோபப்பட்டேன். குளம் முழுவதும் செத்துக் கிடக்கும்போது எனக்கு 'குளத்தைச் சுத்தம் செய்கிறேன்' என்று எழுதியிருக்கிறீர்கள். தோளுக்கு அளவு கேட்க மனம் வந்தது, இதைச் சொல்ல வரவில்லையா? நான் யார் உங்களுக்கு?

பிறகு யோசித்தேன். உங்களை இப்படி மாட்டிவிட்டது நான்தான். என் மானம் உங்கள் குளத்தில் நீந்துவதாகப் பெரிதாக எழுதியது நான்.

சுலேகா அம்மாளிடம் எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். சிரிப்பார் என்று நினைத்தேன். அவர் சிரிக்கவில்லை. "எங்க ஊர் வயல் மீன் எல்லாம் இப்படித்தான் போச்சு. சின்ன மீனுங்க பேரு மட்டும்தான் இப்ப என் பிள்ளைங்களுக்குத் தெரியும். உங்க அக்கா கோழி போடட்டும், நான் சாப்பிடறேன்" என்றார்.

என் பங்கு வயலில் உங்கள் இஷ்டம். வீட்டுக்காரரை நான் பார்த்துக்கொள்கிறேன். இந்தக் கடிதத்தில் வினைச்சொல் எல்லாம் இருக்கிறதா?

பிலோமினா

பின்குறிப்பு: அந்தக் குரியாளச்சன் கடிதத்தின் கடைசி வரியை நான் மூன்று முறை படித்தேன்.


வடக்கேகரி,
16-4-1992, பெரிய வியாழன்

அன்புள்ள பிலோமினாவுக்கு,

ஆண்டவருடைய சமாதானம் உன்னோடு. உன் கடிதத்தில் பிழை இல்லை. இவ்வளவு நன்றாக எழுத உனக்குக் கோபம் வர வேண்டும் என்று தெரிந்திருந்தால் சின்ன வயதிலேயே அதற்கு ஏற்பாடு செய்திருப்பேன்.

உன்னிடம் சொல்லாதது தவறு. குளத்தை நானே எட்டிப் பார்க்க முடியாமல் இருந்தேன். உனக்கு எப்படி எழுதுவது?

அறுவடை நேற்று முடிந்தது. புகையான் வந்தது, மறைக்க மாட்டேன். என் பங்கின் மேற்கு மூலையில், நம் கோவில் முற்றம் அளவுக்குத் தீய்ந்துவிட்டது. அதற்குமேல் பரவவில்லை. உன் பங்கு முழுசாக வந்தது. உன் வீட்டுக்காரர் இனி நாற்காலியில் உட்காரலாம்.

இன்னொரு விஷயம். குரியாளச்சனும் தன் வயலில் இரண்டாவது மருந்து அடிக்கவில்லை. "மருந்து வந்து சேரவில்லை" என்று கமிட்டியில் சொன்னாராம். அவர் படகுக் கொட்டகையில் தார்ப்பாய்க்கு அடியில் மருந்து டின்கள் மூடி திறக்காமல் அடுக்கியிருப்பதாகச் சசி சொல்கிறான். நான் விசாரிக்கவில்லை. கர்த்தர் பாடுபட்ட வாரத்தில் ஒரு மனிதனின் பொய்யைத் துருவக் கூடாது.

பிழைத்த ஜோடி மறுபடி முட்டை வைத்தது. குஞ்சுகள் வெளியே வந்துவிட்டன. கடுகை வாரி இறைத்த மாதிரி ஒரு கூட்டம், இரண்டு பக்கமும் அப்பாவும் அம்மாவும். மதகை நான் இன்னும் திறக்கவில்லை. கால்வாயை நம்ப மனம் வரவில்லை.

எனவே விருந்துக்கு வாத்துதான். சுலேகா அம்மாளிடம் கோழி என்று சொல்லாதே.

அவர் கடிதத்தின் கடைசி வரியில் என்ன இருந்தது? நீ எழுதவில்லை. கேட்க வேண்டும் என்றில்லை.

உன் சேச்சி,
கிளாரா


ராஞ்சி,
8-5-1992

அன்புள்ள சேச்சிக்கு,

இயேசுவுக்குப் புகழ். பத்திரமாக வந்து சேர்ந்தோம். எல்லோரும் நலம், எனக்கு மட்டும் இன்னும் கல்யாண வீட்டிலேயே இருப்பதாகக் கனவு வருகிறது. நீங்கள் பந்தியைக் கவனித்துக்கொண்டு ஓடியதால் பாதியைப் பார்த்திருக்க மாட்டீர்கள். நான் சொல்கிறேன்.

நாங்கள் வருவதற்கு மூன்று நாள் முன்புதான் உப்புநீரைத் தடுக்கிற தடுப்பணையைத் திறந்து காயல் நீர் உள்ளே வரத் தொடங்கியது என்றீர்களே. விருந்தன்று விடியற்காலை குரியாளச்சன் தானே வலைக்காரர்களோடு காயலுக்குப் போய், இரண்டு கூடை கரிமீனோடு நம் படித்துறையில் வந்து நின்றார். வாயைத் திறக்கவில்லை. கூடையை வைத்துவிட்டு நின்றார். நீங்களும் வாயைத் திறக்கவில்லை. படியில் உட்கார்ந்து ஒவ்வொரு மீனாகச் செவுளைத் தூக்கிப் பார்த்தீர்கள். சிவப்பு இந்தப் பக்கம், வெளுப்பு அந்தப் பக்கம், புண் உள்ளது தூர.

அவருக்குப் பொறுக்கவில்லை. "சசி, செமினாரிக்கு ஆள் எடுக்கறதுகூட இவ்வளவு கஷ்டம் இல்லன்னு அவங்ககிட்ட சொல்லு."

சசி அங்கே இல்லை. இருந்தது நான்தான்!

நீங்கள் தலை நிமிராமல், "செமினாரிலயும் இப்படிப் பாத்து எடுத்திருந்தா நல்லாத்தான் இருந்திருக்கும்" என்றீர்கள். நேராக அவரிடம்! எனக்குக் கை தட்ட வேண்டும் போல இருந்தது.

தேறிய மீன் மாப்பிள்ளை வீட்டாருக்கு மட்டும். நாங்கள் வாத்து தின்றோம். சுலேகா அம்மாள் சாப்பிட்டதைப் பார்த்தீர்களா? முள்ளை எல்லாம் இலையின் ஓரத்தில் சீப்புப் பல் போல வரிசையாக அடுக்கினார். தலையையும் விடவில்லை. கடைசியில் மகன் காதில் ஏதோ சொன்னார். அவன் எழுந்து நின்று, "அம்மா சொல்றாங்க... இது மீன்தான்னு ஒத்துக்கறாங்களாம்" என்றான். அனிமேஷின் மாமா, "இருபது வருஷத்துல என் தங்கச்சி யாரையும் இவ்வளவு புகழ்ந்ததில்ல" என்று கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

மறுநாள் காலை சுலேகா அம்மாளைக் குளத்துக்குக் கூட்டிப்போனேன். முட்டி போட்டு அந்த ஜோடியையும் குஞ்சுகளையும் பார்த்தார். "இதைப் பிடிக்க மாட்டாங்களா உங்க அக்கா?" என்றார். "இதுங்களும் கல்யாண வீட்டுக்காரங்க, இலையில வெக்க முடியாதுன்னு சேச்சி சொல்லிட்டாங்க" என்றேன். வெகு நேரம் எழுந்திருக்கவில்லை. கோவிலுக்கு நேரமாகிவிட்டது என்று மூன்று பேர் வந்து கூப்பிட்டார்கள்.

பிரியத்தோடு,
பிலோமினா

பின்குறிப்பு: அந்தக் கடைசி வரியை எழுத மாட்டேன். எழுதியவரையே கேட்டுக்கொள்ளுங்கள்.


அக்கரை,
17-5-1992

மதிப்பிற்குரிய கிளாரா அம்மையாருக்கு,

நலம். இருமல் நின்றுவிட்டது. தாங்கள் கொடுத்தனுப்பிய கஷாயம் கசப்பு; ஆனால் வேலை செய்கிறது. தங்கள் முழங்கால் எப்படி?

நேற்று கமிட்டி கூடியது. என் வயலிலும் ஒரு மூலை தீய்ந்தது, தங்கள் வயல் அளவுக்குத்தான். இரண்டு முறை அடித்தவர்கள் வயலில் அதைவிடப் பெரிதாகத் தீய்ந்திருக்கிறது. அதை எல்லோரும் பார்த்தார்கள், யாரும் வாய்விட்டுச் சொல்லவில்லை. ஆகவே நானே சொன்னேன். வரும் போகத்தில் சிலந்தியைப் பார்த்த பிறகுதான் மருந்தைப் பற்றிப் பேசுவது என்றும், அடித்தே ஆக வேண்டும் என்றால் அந்தத் தண்ணீரைக் கால்வாயில் விடாமல் வயலிலேயே தேக்குவது என்றும், நோன்புக்காலத்தில் அறவே இல்லை என்றும் முடிவானது. நோன்பு என்று சொன்னதும் விகாரியச்சன் சபையில் முதல் ஆளாகக் கை தூக்கினார்.

தூரைப் பிரித்துப் பார்க்கிற வேலைக்கு ஒருவரைக் கமிட்டியில் சேர்க்க வேண்டும். தங்கள் பெயரை நான் முன்மொழிந்தேன். எதிர்ப்பு இல்லை. பயம் இருந்தது.

மருந்து வந்து சேரவில்லை என்று நான் சொன்னது பொய் என்று தங்களுக்குத் தெரியும் என்று எனக்குத் தெரியும். டின்களை வந்த கடைக்கே திருப்பி அனுப்பிவிட்டேன்.

மத்தாயிச்சனின் அடக்கத்தன்று நான் நெல்விலை பேசியது உண்மை. நண்பனைக் குழிக்குள் இறக்கும்போது வேறு என்ன பேசுவது என்று தெரியவில்லை.

குரியாளச்சன்


வடக்கேகரி,
18-5-1992

குரியாளச்சனுக்கு,

முழங்கால் பரவாயில்லை.

கமிட்டியில் சேருகிறேன். கூட்டம் சொன்ன நேரத்துக்குத் தொடங்க வேண்டும். நான் பேசும்போது யாரும் பீடி பற்றவைக்கக் கூடாது.

குஞ்சுகள் கட்டைவிரல் நகம் அளவுக்கு வளர்ந்துவிட்டன. இனி இந்தக் குளம் அவற்றுக்குப் போதாது. தாய் தகப்பன் இரண்டும் மதகுப் பலகைக்குப் பக்கத்திலேயே சுற்றுகின்றன. இரண்டு மாதமாக அதை நான் அடைத்தே வைத்திருக்கிறேன். நேற்றிரவு உங்கள் கடிதத்தைப் படித்த பிறகு, திறந்தால் என்ன என்று தோன்றியது.

நாளைக் காலை காயல் நீர் ஏறி வரும் நேரத்தில் பலகையைத் தூக்கப் போகிறேன். பலகை கனம். தனியாகத் தூக்க முடியாது.

சசியைக் கூப்பிடவில்லை. படகை எடுத்துக்கொண்டு நீங்களே வாருங்கள்.

கிளாரா